இருபத்தொன்றாவது பட்டன்

அத்தியாயம் 5

"ஒரு முடிவு வந்துடுச்சு மேடம். யார் செஞ்ச வேலைன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றார் பெரியவர். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

மேடத்தோடு வந்திருந்த ரேடியோவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நகை போச்சு என்று கூப்பிட்டவர்கள் உண்டு. நாய் போச்சு என்று கூப்பிட்டவர்கள் உண்டு. ஒரு முடிவு வந்துவிட்டது என்று கண் கலங்கிக்கொண்டு துப்பறிகிறவர்களைக் கூப்பிட்ட கம்பெனியை அவன் இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

பதினாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் ரேடியோ. வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். இப்போது ஊசி மேடத்திடம் உதவியாளன். மேடத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை அவர் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் யாரும் இல்லை. அவர் ஒருமுறை பார்த்தாலே கேட்பவருக்குச் சுருக்கென்று புரிந்துவிடும்.

"முடிவு வர்றது நல்ல விஷயம்தானே சார்?" என்றான் ரேடியோ.

"மத்த இடத்துல நல்ல விஷயம். இங்க முப்பது வருஷமா வந்ததில்ல."

பெரியவர் விளக்கினார். சட்டை பட்டன் செய்கிற கம்பெனி. அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. அண்ணன் பக்கம் பத்து பங்காளிகள், தம்பி பக்கம் பத்து. எதற்கும் ஓட்டு. அண்ணன் பக்கம் சரி என்றால் தம்பி பக்கம் கூடாது என்று சொல்லும். பத்துக்குப் பத்து. சமமாக வந்தால் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பது கம்பெனி விதி. அதனால் சுவருக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்ற விஷயம் முப்பது வருஷமாகச் சுண்ணாம்பாகவே நிற்கிறது. கூட்டம் நடக்கும் ஹாலில் ஓடாத மின்விசிறி ஒன்று தொங்குகிறது. அதைக் கழற்றலாமா என்று இதுவரை ஒன்பது தடவை ஓட்டுப் போட்டாகிவிட்டது.

"இன்னிக்குக் காலையில எதுக்கு ஓட்டு?" மேடம் கேட்டார்.

"என் மாப்பிள்ளையை கம்பெனியை விட்டு அனுப்பலாமா வேண்டாமான்னு." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் தம்பிதான் கொண்டு வந்தான். மாப்பிள்ளை பட்டன் வேலையைப் பாக்காம ரேடியோப் பெட்டி செஞ்சிட்டிருக்காராம். எப்பவும் போலப் பத்துக்குப் பத்து வரும், மாப்பிள்ளை இருந்துடுவார்னு நானும் பேசாம இருந்துட்டேன். வந்திருக்கறதைப் பாருங்க."

ஹாலின் நடுவே ஓட்டுகளை எண்ணுகிற பீரோ ஒன்று நின்றது. அதன் நெற்றியில் இரண்டு எண்கள் எரிந்துகொண்டிருந்தன. பச்சையில் பத்து. அது 'இருக்கட்டும்'. சிவப்பில் பதினொன்று. அது 'போகட்டும்'.

"நாலு மணிக்கு நான் கடிதத்துல கையெழுத்துப் போடணும். போட்டா அவர் போயாகணும். நாலு வருஷமா என் மூத்த பையன் மாதிரி வச்சிருக்கேன் மேடம்."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

அதுவரை ஒரு நாற்காலியில் உம்மென்று உட்கார்ந்திருந்த தம்பி எழுந்தார். அவரை எல்லோரும் சின்னவர் என்பார்கள், வயது அறுபத்திரண்டு. "அண்ணா என்னைச் சந்தேகப்படறார். என்னைப் பாத்தா ஜெயிக்கறவன் மாதிரியா இருக்கு? நான் எதிர்க்கறதுக்காக ஓட்டுப் போடறவன். ஜெயிச்சா அடுத்து என்ன செய்யறதுன்னு எங்க பக்கத்துல யாருக்கும் தெரியாது. காலையிலருந்து எனக்குச் சாப்பாடே இறங்கல."

"உங்க ஆள் ஒருத்தர் அந்தப் பக்கம் தாவியிருப்பாரோ?" பெரியவரிடம் மேடம் கேட்டார்.

"அப்படித்தான் நினைக்கிறோம்."

ரேடியோ தொண்டையைக் கனைத்தான். "ஒருத்தர் தாவினா பச்சை ஒன்பது ஆகணும் சார். பத்தும் பதினொண்ணும் எத்தனை?"

ஹாலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிவு வந்த அதிர்ச்சியில் அந்த இரண்டு எண்களையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

"இருபத்தொண்ணு," என்றான் ரேடியோ. "டிக்கெட் வாங்கினது இருபது பேர். வண்டியில இருக்கறது இருபத்தொண்ணு. பதினாறு வருஷம் இந்தக் கணக்குலதான் சார் என் பொழப்பு ஓடிச்சு."

பெரியவர் வாயைப் பிளந்தார். சின்னவர், "அப்பாடா, அப்ப நாங்க ஜெயிக்கல!" என்று நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தார்.

ஓட்டுப் பெட்டிகள் இருபதும் கண்ணாடி அலமாரியில் அரக்கு முத்திரையோடு இருந்தன. சோப்பு டப்பா அளவு. ஒவ்வொன்றின் தலையிலும் நாலு துளையுள்ள நீலப் பட்டன் ஒன்று. மேடம் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு ரேடியோ எண்ணினான். பிறகு, நம்பிக்கை இல்லாமல், சின்னவரும் எண்ணினார். இருபதுதான்.

"செஞ்சவர் எங்க?" என்றார் மேடம்.

பெட்டிகளையும் பீரோவையும் செய்தது மாப்பிள்ளைதான். அவர் அறை மாடிப்படிக்குக் கீழே. ஒரு மேசை, பற்ற வைக்கும் கருவி, கம்பிச் சுருள்கள், ஒரு ஸ்டூல். கம்பெனிச் சட்டையில், கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு, மெலிந்த மனிதர் ஒருவர் எழுந்து நின்றார். நம்பினவர்களே கவிழ்த்துவிட்ட ஆளைப் போல முகம் வாடியிருந்தது. ரேடியோவுக்குப் பார்த்தவுடனே பாவமாகிவிட்டது.

"இந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி சொன்னாப் போதும், இவனுக்குப் புரியணும்னு இல்ல," என்றார் மேடம்.

வாடிய முகம் மளமளவென்று வெளிச்சமானது. "ரொம்பச் சுலபம் மேடம். மத்தவங்க செய்யற பெட்டி முதல்ல 'நான் பேசலாமா'ன்னு கேக்கும். தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கும். தூரத்துல இருந்தா குரலைக் கூட்டும், கிட்ட இருந்தா குறைக்கும். இத்தனைக்கும் உள்ள சாமான் வேணும். நான் ஒண்ணொண்ணா எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"மிச்சம்?"

"ஒரு பேட்டரி. ரேடியோ அலையில போற, காதுக்குக் கேக்காத ஒரு மெட்டு. மணி அடிச்சதும் இருபது பேரும் ஒரே நேரத்துல தட்டலாம். ஒரு தட்டு தட்டினா இருக்கட்டும், ரெண்டு தட்டினா போகட்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே மெட்டுதான். ஒண்ணாம் நம்பர் உடனே பாட ஆரம்பிக்கும், ரெண்டாம் நம்பர் ஒரு தாளம் தள்ளி, மூணாம் நம்பர் ரெண்டு தாளம் தள்ளி. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழும். பிரிச்செடுக்கறது பீரோவோட தலைவலி. பேசறவனுக்கு எல்லாம் லேசா இருக்கணும் மேடம். கஷ்டமெல்லாம் கேக்கறவனோட இருக்கட்டும்."

"எங்க பஸ்ஸுல இதே ஏற்பாடுதான் சார்," என்றான் ரேடியோ. "அறுபது பேரும் ஒரே நேரத்துல இறங்கற இடத்தைச் சொல்லுவாங்க. பீரோவுக்குப் பதில் நான்."

"பீரோ 'நீ யாரு'ன்னு கேக்காதா?" என்றார் மேடம்.

"கேக்காது. கேட்டா பதில் சொல்றதுக்குப் பெட்டிக்குள்ள இன்னொரு சாமான் வேணும்."

"அப்ப அழைக்காத ஆள் ஒருத்தர் பாடினா?"

"இடம் காலியா இருந்தா எடுத்துக்கும். பீரோவுல இருபத்து நாலு இடம் இருக்கு."

"இருபது பேருக்கு எதுக்கு இருபத்து நாலு?"

"அட்டைக்கு இருபத்து நாலு பட்டன் மேடம்," என்றார் அவர், இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரி.

அந்தக் கம்பெனியில் எல்லாமே இருபத்து நாலு என்பதை ரேடியோ அப்புறம்தான் கவனித்தான். மாடிப்படி இருபத்து நாலு. சாப்பாட்டு பெஞ்சில் இருபத்து நாலு பேர். பட்டன்களை இருபத்து நாலாக அட்டையில் குத்தி விற்றே பழகிப்போன கைகளுக்கு வேறு எண் வராது போலிருந்தது.

மேசைக்கு மேலே சுவரில் அப்படி ஒரு அட்டை தொங்கியது. பெட்டிகளின் தலையில் இருந்த அதே நீலப் பட்டன். மேடம் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ரேடியோ, இருபத்து நாலுல இருபது போனா?"

"நாலு."

"அட்டையில மூணுதான் இருக்கு."

அடுத்து பீரோவின் முதுகைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருபத்து நாலு குட்டிப் பல்புகள், எண் போட்டு வரிசையாக. காலையில் தட்டியது அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"ரகசிய ஓட்டு மேடம்! யார் எதுக்குத் தட்டினாங்கன்னு தெரிஞ்சா குடும்பம் ரெண்டாயிடும்!" என்று பதறினார் பெரியவர். ஏற்கெனவே இரண்டாகத்தான் இருக்கிறது என்று சொல்ல ரேடியோவுக்கு நாக்கு துடித்தது. மேடம் ஒரு செய்தித்தாளால் முதல் இருபது பல்புகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தார். இருபத்தொன்றாவது பல்பு சிவப்பாக எரிந்தது.

"மாப்பிள்ளையை அனுப்பணும்னு யாரோ குறியா இருந்திருக்காங்க," என்றான் ரேடியோ. அவனுக்கு உள்ளூரக் கோபமே வந்துவிட்டது. அந்த வாடின முகத்துக்கு எதிரி யார்?

மணி மூன்றரை. மேடம் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். துளை போடுகிற பிரிவிலிருந்து பெரியவரின் மகள் வந்தாள். மாப்பிள்ளையின் மனைவி அவள்தான்; அண்ணன் பக்கப் பங்காளிகளிலும் ஒருத்தி. கையெல்லாம் பட்டன் தூள். வந்தவள் கணவன் பக்கத்தில் நின்றாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

"மணி அடிச்சப்போ யார் யார் என்ன செஞ்சீங்க?" மேடம் கேட்டார்.

"எல்லாரும் பெட்டியைத் தட்டினோம்," என்றார் சின்னவர். "அண்ணா அதுக்கு முன்னால ஒரு பிரசங்கம் பண்ணினார். எல்லாரும் நெஞ்சைத் தொட்டுப் பாத்து ஓட்டுப் போடுங்கன்னு. எங்க பக்கத்துல ஒருத்தரும் தொடலை, உண்மையைச் சொல்லிடறேன். மாப்பிள்ளைக்கு ஓட்டு இல்ல, ஓரமா நின்னவர் அவர் பாட்டுக்கு நெஞ்சைத் தட்டிக்கிட்டார். எதிரிக்கே பாவமா போச்சு."

"எத்தனை தடவை தட்டினார்?"

சின்னவர் யோசித்தார். "ரெண்டு."

மேடம் திரும்பினார். "ரேடியோ, மாப்பிள்ளை ரொம்ப நொந்து போயிருக்கார். போய்க் கட்டிப்பிடிச்சு ஆறுதல் சொல்லு."

"நானா?"

"முதுகுல தட்டிக் கொடு. அழுத்தி. ரெண்டு தட்டு, கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

ரேடியோ பத்து வருஷமாக மனைவியின் தம்பியைக்கூடக் கட்டிப்பிடித்ததில்லை. இருந்தாலும் வேலை வேலைதான். மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினார், சுவர் தடுத்தது. "வேணாங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ரேடியோ அள்ளி அணைத்தான். அதே நேரம் மேடம் பீரோவின் மணியை அடித்தார். டிங்.

"கவலைப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிடும்." தட்டு. "கடவுள் இருக்கார்." தட்டு.

பீரோவின் நெற்றியில் எண்கள் அழிந்தன. பச்சை பூஜ்யம். சிவப்பு ஒன்று.

கண்ணாடி அலமாரியின் முத்திரை உடையாமல் அப்படியே இருந்தது. ரேடியோ இன்னும் கட்டிப்பிடித்தபடியே கழுத்தை மட்டும் திருப்பி அந்தச் சிவப்பு ஒன்றைப் பார்த்தான்.

"விடு அவரை," என்றார் மேடம். "சட்டையில ரெண்டாவது பட்டனைப் பாரு. இங்க எல்லார் சட்டையிலயும் அதே நீலம்தான், அதனால யார் கண்ணுலயும் படல. நாலு துளை பட்டனை நாலு துளையிலயும் நூல் ஓட்டித் தைப்பாங்க. அதுல ரெண்டு துளையிலதான் நூல் இருக்கு. பட்டன் கம்பெனி மாப்பிள்ளை அப்படித் தைக்க மாட்டார். மிச்ச ரெண்டு துளையில கம்பி. பெட்டியிலருந்து ஒவ்வொரு சாமானா எடுத்து எடுத்து, கடைசியில பெட்டியையே எடுத்துட்டார். பட்டன் மட்டும் நிக்குது."

"மாப்பிள்ளை!" என்றார் பெரியவர். பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். "உங்களுக்கு எதிரா நீங்களே ஓட்டுப் போட்டீங்களா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல மாமா. அதனாலதான் சொல்ல முடியல."

பிறகு அவர் சொன்னது மெதுவாகவும் தடுமாறியும் வந்தது. தூரத்து ஆஸ்பத்திரி ஒன்று. ஒரே வார்டில் நாற்பது கட்டில். பேச முடியாதவர்கள், எழுந்திருக்க முடியாதவர்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் இப்படி ஒரு பட்டன் வைத்தால், வலிக்கிற நேரத்தில் நெஞ்சில் கை வைத்தால் போதும், நர்ஸுக்குத் தெரிந்துவிடும். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் தெரிந்துவிடும். வந்து செய்துகொடுங்கள் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் கடிதம் வந்தது. நாளைக்குக் காலையில் அங்கே இருக்க வேண்டும்.

"மூணு வாரமா!" என்றாள் மனைவி. அதுவரை பேசாதவள். "என்கிட்டக்கூடச் சொல்லணும்னு தோணலையா?"

"உன்கிட்டச் சொன்னா நீ அப்பாகிட்டச் சொல்லணும். அந்தக் கஷ்டம் உனக்கு எதுக்குன்னு..."

"மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமே!" பெரியவரின் குரல் உடைந்தது.

"நாலு தடவை வந்தேன் மாமா. ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள 'சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை'ன்னு கேட்டீங்க. சாப்பிட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். சின்ன மாமா ஓட்டுக் கொண்டு வந்ததும், ஒரே ஒரு ஓட்டு கூட விழுந்தா போதும்னு தோணிச்சு. தப்புதான்."

இருபது பேருக்குப் பேசுவதை இவ்வளவு லேசாக்கிக் கொடுத்த மனுஷனுக்கு ஒரே ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. ரேடியோவுக்கு இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மேடம் கைப்பையை எடுத்தார். "கேட்டதைக் கண்டுபிடிச்சாச்சு. அந்த ஓட்டு செல்லாது. பத்துக்குப் பத்து. உங்க விதிப்படி மாப்பிள்ளை இங்கதான் இருக்கணும்."

பெரியவர் ஜெயித்துவிட்டார். ஆனால் அவர் முகத்தில் அது தெரியவில்லை. டிக்கெட் வாங்காத ஆளைக் கஷ்டப்பட்டுப் பிடித்து நடுவழியில் இறக்கிவிடுகிற நாட்களில் வருமே, அந்தக் கசப்பு ரேடியோவுக்கு வந்துவிட்டது. அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது.

"இன்னொரு தடவை போட்டுப் பாத்தா என்ன சார்? இப்ப எல்லாருக்கும் விஷயம் தெரியுமே?"

"போட்டா மட்டும்?" என்றார் சின்னவர். "நாங்க போகட்டும்னுதான் போடுவோம், அவங்க இருக்கட்டும்னுதான் போடுவாங்க. விஷயம் தெரிஞ்சு இங்க யார் ஓட்டுப் போட்டிருக்கா?"

ஆனாலும் பெரியவர் அலமாரியின் முத்திரையை உடைத்தார். நம்பர் சொல்லிச் சொல்லிப் பெட்டிகளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மாப்பிள்ளையின் சட்டையிலிருந்து அந்தப் பட்டனை மேடம் நறுக்கி எடுத்துக்கொண்டார். இருபத்தொன்றாவது இடத்தைக் கண்காணிக்க ரேடியோவை பீரோவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

யாரும் பிரசங்கம் செய்யவில்லை. டிங்.

இருபது தட்டும் ஒரே நேரத்தில் கூரையில் மழை விழுகிற மாதிரி கேட்டது. பீரோ கொஞ்சம் முனகியது, பிரித்தது, கூட்டியது.

"பச்சை எட்டு," என்று முன்னாலிருந்து சின்னவர் படித்தார். "சிவப்பு... பன்னிரண்டா? எங்க பக்கம் பத்துதானே! யாரு அந்த ரெண்டு பேர்? ஏம்ப்பா ரேடியோ, பின்னால நம்பர் தெரியுமே, யாரு?"

இருபத்தொன்று இருட்டாக இருந்தது. பதினொன்றிலிருந்து இருபது வரை சிவப்பு, அது எதிர்பார்த்தது. மேலே, வரிசையின் தொடக்கத்தில், ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் சிவப்பாக எரிந்தன. ஒன்று பெரியவருடையது. இரண்டு அவர் மகளுடையது.

ரேடியோ இரண்டு பல்புகளையும் பார்த்தான். பிறகு பீரோவின் முதுகுக் கதவைச் சாத்தினான்.

"பல்பு ரொம்ப மங்கலா இருக்கு சார். ஒண்ணும் தெரியல."

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவன் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை.

ஹாலின் இரண்டு மூலைகளில் பெரியவரும் மகளும் தங்கள் பெட்டிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரெண்டில் ஒன்று நான், மற்றது யார் என்று இருவருமே தேடியிருக்க வேண்டும். ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். பார்த்தார்கள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியவர் எழுந்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இப்ப நிஜமாவே ஜெயிச்சுட்டோமா?" என்று சின்னவர் ஈனஸ்வரத்தில் கேட்டார். "யாராவது கொஞ்சம் தண்ணி கொடுங்க."

பெரியவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். இரண்டாக மடித்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"ரயில் எத்தனை மணிக்கு?"

"அஞ்சே முக்காலுக்கு மாமா."

"டிக்கெட் எடுத்தாச்சா?"

"ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

மகள் கையிலிருந்த பட்டன் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வேணும்பா," என்றாள்.

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப நிக்காதீங்க, கிளம்புங்க. இந்நேரத்துக்கு கவுன்ட்டர்ல கூட்டமா இருக்கும்."